அக்கா சொல்லாத வாக்கியங்கள்

என் அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதமாக வரும், யாருடைய குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. குயில் குரல் என்றெல்லாம் சொல்ல முடியாது. வீட்டில் யாரும் அவளைப் பாடச் சொன்னதில்லை. ஆனால் அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அவள் சொல்வது மட்டும் தனியாக வந்து காதில் விழும். லகரம் ளகரமாகப் புரளாது. கோபம் வந்தாலும் அதே நிதானம்தான். “துணி இன்னும் கொடியிலேயே கிடக்குது” என்று அவள் சொன்னால் ஏதோ வண்டி கிளம்பப்போகிற மாதிரி இருக்கும். நான் ஓடிப்போய் எடுத்துவிடுவேன்.

அவள் கணவர், என் மாமா, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கேட்டால், “வீட்டுக்கு ஒரு ஆள் பேசினா போதாதா?” என்பார். பிள்ளைகள் இல்லை. மூன்றாவது மாடியில் முன்னறை, படுக்கையறை, சமையலறை என்று ஒரு சின்ன வீடு. நான் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் பாதி நேரம் அங்கேதான். அந்த வீடு முழுக்க அக்காவின் பேச்சுதான் நிறைந்திருக்கும்.

ஒருநாள் பேருந்துக்குக் காத்திருந்த ஒருவர் விசாரணை அறைக்கு வந்து, “இப்போ அறிவிச்சது யாரு?” என்று கேட்டார். சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிற இன்ஜினியர். நாங்கள் பிறகு அவரைத் தாடிக்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். கண் தெரியாதவர்களுக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் உதவுவது. அதன் ஆரம்பத்தில், புதிதாகக் கம்ப்யூட்டர் தொடுகிறவர்களுக்குச் சில பாடங்களும் இருக்கும். அதற்கு ஒரு குரல் வேண்டும்.

வேலை முடிந்ததும் அக்கா அவர்கள் அலுவலகத்துக்குப் போய்வர ஆரம்பித்தாள். நான்கு சுவரிலும் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. ஒரு மைக், ஒரு ஸ்டூல். முதல் நாள் கொடுத்த காகிதத்தில், ‘நிறுவுதல் என்பது மென்பொருள் கோப்புகளைச் சேமிப்பகத்தின் உரிய இடங்களில் பதித்து அமைவுகளைப் பதிவுசெய்யும் செயல்முறை’ என்று இருந்தது. ஒரு மூச்சில் பிசிறில்லாமல் படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

“தம்பி, நான் படிச்சிடுவேன். கேக்குறவங்க என்ன பண்ணுவாங்க?”

“அப்போ எப்படிச் சொல்லலாம் மேடம்?”

“எனக்கே தெரியாதே. முதல்ல எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.”

அவர் சொன்னார். இவள் அதைத் தன் வாயில் போட்டுத் திருப்பிச் சொன்னாள். தப்பிருந்தால் அவர் திருத்தினார். இப்படித்தான் அந்தப் பாடங்கள் உருவாயின. இரவுச் சாப்பாட்டின்போது எங்களிடம்தான் ஒத்திகை நடக்கும்.

“டவுன்லோடுன்னா சாமானை வாசல் வரைக்கும் கொண்டுவந்து இறக்குறது. இன்ஸ்டால்னா அதை உள்ளே எடுத்துட்டுப் போய், கட்டைப் பிரிச்சு, இது இது இங்கே இங்கேன்னு அடுக்கி, குடியேறுறது. இறக்கி வச்சுட்டாலே குடிவந்ததா ஆகாது. சரியா இருக்கா?”

“சரி” என்பார் மாமா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

ஆபரேட்டிங் சிஸ்டத்தை, வீட்டை நடத்துகிற ஆள் என்றாள். மற்ற எல்லாரும் அவரைக் கேட்டுத்தான் எதையும் எடுக்கவேண்டும், வைக்கவேண்டும். ஆனால் அவர் ஒருநாள் படுத்தால்தான் அப்படி ஒருவர் இருந்ததே தெரியும். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை, பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒருவர் பேசுவதை மற்றவருக்குப் புரியவைக்கிற சின்ன மென்பொருள். இதை டீக்கடையில் சொல்லப்போய், பேருந்து டிரைவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். “இனிமே நாங்க ஸ்டியரிங்கைத் தொட மாட்டோம்மா, ஓரமா உட்கார்ந்து பஞ்சாயத்துதான் பண்ணுவோம்” என்று ஒரு வாரம் கேலி.

ஷார்ட்கட்டுக்கு அவள் சொன்னது எனக்கு இன்றும் வரிமாறாமல் ஞாபகம் இருக்கிறது. “திரையில தெரியுற அந்தச் சின்னப் படம் வாசல்ல மாட்டின பேர்ப்பலகை மாதிரி. பலகையைக் கழட்டிட்டா உள்ளே இருக்கிறவங்க காலி பண்ணிட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. அவங்க அங்கேயேதான் இருப்பாங்க. முழுசா அனுப்பணும்னா அன்இன்ஸ்டால் பண்ணணும்.”

லைசென்ஸ் ஒப்பந்தம் பற்றிய பாடத்தில், நீளமான பத்திரம் ஒன்று திரையில் வரும், கீழே சின்னக் கட்டம் இருக்கும், அதில் டிக் போட்டால் எல்லாவற்றுக்கும் சம்மதித்ததாக அர்த்தம், முடிந்தால் படித்துவிட்டுப் போடுங்கள் என்று பேசினாள். பேசி முடித்துவிட்டு, “நீங்க படிப்பீங்களா தம்பி?” என்றாள். அவர் சிரித்தார். அன்றைக்கே அவள் முன்னால் ஒரு பத்திரம் வந்தது. அவளும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டாள்.

பாடங்கள் முடிந்தபின் அர்த்தமே இல்லாத வாக்கியங்களாகக் கொடுத்தார்கள். ‘ஈரமான ஏணியை ஐந்து ஒட்டகங்கள் ஊதின.’ ‘ஞாயிற்றுக்கிழமைக்குள் மஞ்சள் தூங்கிவிடும்.’ பக்கம் பக்கமாக. ஒலிகளைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டால், பிறகு எந்த வாக்கியத்தையும் ஒட்டிக்கொள்ளலாம் என்றார் தாடிக்காரர்.

“நான் சொல்லாததையும் சொல்லுமா?”

“நீங்க சொல்லாததைச் சொல்றதுதான் மேடம் அதோட வேலையே.”

அக்கா அதை ஒரு வேடிக்கையாக வீட்டில் வந்து சொன்னாள்.

மென்பொருள் வெளிவந்ததும் மாமா பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்தார். அக்காவின் பாடங்களைக் கேட்டுத்தான் அவர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். “பொண்டாட்டி நேர்ல சொன்னா ஒரு காதுல வாங்கி மறு காதுல விடுறவர், பெட்டிக்குள்ளேருந்து சொன்னா தலையாட்டுறார் பாரு” என்று அக்கா சிரிப்பாள்.

அதற்கடுத்த வருஷம் அவள் தொண்டை கம்மியது. முதலில் ஜலதோஷம் என்றார்கள். மருந்து மாறியது, மருத்துவர் மாறினார், கடைசியில் பெரிய மருத்துவமனையில், குரல்வளையை எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்ற முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸிடம், “கொஞ்சம் தண்ணி குடிக்கலாமா?” என்று கேட்டாள். “கூடாதும்மா” என்றார் நர்ஸ். அக்கா தன் குரலில் கடைசியாகப் பேசியது அதுதான்.

திரும்பி வந்தபோது கழுத்தின் கீழ்ப்பக்கத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மறைத்து மெல்லிய துணி ஒன்றைக் கட்டிக்கொள்வாள். மருத்துவமனையில் பேசுவதற்கென்று ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால், ஏற்ற இறக்கமில்லாமல் ஒரு ரீங்காரம் சொற்களாக வரும். ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். ‘வண்டு’ என்று என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள். கருவி அலமாரிக்குள் போய்விட்டது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆறுதல் சொன்னார்கள். “உன் குரல்தான் பத்திரமா கம்ப்யூட்டர்ல இருக்கே. குடுத்துவச்சவம்மா நீ.” தாடிக்காரரும் வந்தார். நல்ல மனிதர். அவள் செல்போனில் அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்து, “நீங்க டைப் பண்ணுங்க மேடம், உங்க குரல்லயே பேசும்” என்றார்.

அக்கா யோசித்து யோசித்து ஒரு சொல்லை அடித்தாள்.

“நான்” என்றது போன்.

துல்லியமாக அவள் குரல். பேருந்து நிலையத்து அக்கா, நோய் வருவதற்கு முந்தைய அக்கா. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதை மறுபடி திறக்கவில்லை. செய்தி அனுப்ப மட்டும் என் பழைய போன் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

பிறகு நடந்ததை அவள் எனக்கு அந்தப் போனில் எழுதித்தான் சொன்னாள். ஒரு சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் உலை இன்னும் கொதிக்கவில்லை. முன்னறையிலிருந்து சத்தம் கேட்டது.

“என்னங்க, சாப்பாடு ஆயிடுச்சு. வாங்க.”

தான்தான் பேசிவிட்டோம் என்று நினைத்தாளாம். கை தன்னால் கழுத்துக்குப் போயிருக்கிறது. துணிக்கு அடியில் துளை இருந்தது, சூடாகக் காற்று போய்வந்துகொண்டிருந்தது. சத்தம் இங்கிருந்து வந்ததல்ல. மெல்ல நடந்து முன்னறை வாசலில் போய் நின்றாள். மாமா அவளுக்கு முதுகு காட்டிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“இதோ வர்றேன்” என்றார் மாமா, திரையைப் பார்த்து.

அக்கா வந்த வழியே திரும்பிப்போய்ச் சமைத்து முடித்தாள். அவர் வந்து எப்போதும்போலச் சாப்பிட்டார். ஒரு கை சோறு கூடவே சாப்பிட்டார் என்று எழுதியிருந்தாள்.

அதன்பின் அவள் காது அந்த அறையிலேயே கிடந்தது. ஒலியைக் குறைத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் இரைச்சலுக்கு நடுவிலேயே எழுந்து நிற்கிற குரலாயிற்றே அது. கதவைச் சாத்தினாலும் கேட்டது. “மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை எடுத்துட்டுப் போங்க.” “ஏன் முகம் வாடியிருக்கு, கடையில ஏதாவது சொன்னாங்களா?” இதெல்லாம் அவள் எப்போதாவது சொல்லியிருக்கக் கூடியவைதான். ஒருநாள் வேறொன்று கேட்டது.

“எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. பயப்படாதீங்க.”

அதை அவள் ஒருபோதும் சொன்னதில்லை. மருத்துவமனையில் மாமா பக்கத்தில் இருந்த நேரமெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கிடந்தாளே தவிர, அப்படி ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த செய்தியில் இரண்டே வரி. ‘வீட்டுல இப்போ ரெண்டு பொம்பளைங்க இருக்கோம். பேசுறவ அவ. சமைக்கிறவ நான்.’

மறுநாள் மாமா வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துப் போய், மாடிப்படியில் நிறுத்திச் சொன்னேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.

“அவளுக்குக் கேக்குதா?”

“கேக்காம எங்கே போகும் மாமா?”

“எடுத்துடறேன்மா” என்றார்.

அன்றைக்கே எடுத்தும்விட்டார். திரையில் அந்த மென்பொருளின் படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அக்கா எனக்கு எழுதினாள், ‘போயிட்டா.’ கொஞ்ச நாள் நிம்மதியாகக் கழிந்தது.

பிறகு ஒரு மத்தியானம் அக்கா தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமா கம்ப்யூட்டரை அணைக்காமல் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. முன்னறையில் அவள் குரல் பேசியது.

“புதிய அப்டேட் தயாராக உள்ளது. இப்போது இன்ஸ்டால் செய்யலாமா?”

கையில் இருந்த பீங்கான் தட்டு விழுந்து நொறுங்கியது. அவள் அசையவில்லை. பதில் வராததால் அது கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது. அதே நிதானம், அதே மரியாதை. பேருந்து நிலையத்தில் தாயைத் தவறவிட்ட குழந்தையிடம் பேரைக் கேட்பாளே, அந்த மாதிரி.

மாமா எடுத்தது பேர்ப்பலகையைத்தான். உள்ளே இருந்தவள் காலி செய்யவே இல்லை. தெரியாமல் செய்தாரா, தெரிந்தே அப்படி விட்டுவைத்தாரா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அந்தப் பாடத்தை அவர் எத்தனையோ தடவை கேட்டவர்.

அடுத்த நாள் நான் படியேறிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டுத் தையல்காரம்மா வாசலில் நின்று பிடித்துக்கொண்டார். “உங்க அக்கா பேச ஆரம்பிச்சுட்டாங்க போலிருக்கே! நேத்து மத்தியானம் என் காதாலேயே கேட்டேன். மனசு குளிர்ந்துபோச்சு.” நான் என்னவோ சொல்லிச் சமாளித்துவிட்டு மேலே போனேன். கதவைத் திறந்த அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே கீழே நடந்ததைப் புரிந்துகொண்டாள். மாடிப்படியில் யார் பேசினாலும் மேலே கேட்கும்.

என் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ‘நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். பக்கத்துல இரு போதும்’ என்று போனில் எழுதிக் காட்டினாள்.

அப்டேட் கேட்க விழித்தது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருப்பதைப் படிப்பதுதானே அந்த மென்பொருளின் வேலை. அவள் மவுஸை எங்கே கொண்டுபோனாலும் அது கூடவே வந்து படித்தது. “அமைப்புகள்.” “இன்ஸ்டால் செய்யப்பட்ட மென்பொருள்கள்.” வரிசையாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து தன் பெயரையும் சொன்னது. ஒலியைக் குறைக்கக் கை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

“அன்இன்ஸ்டால். பொத்தான்.”

அழுத்தினாள்.

“இந்த மென்பொருளை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து முழுவதுமாக நீக்க விரும்புகிறீர்களா? ஆம். இல்லை.”

அக்காவின் உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன. ஒரு எழுத்து பின்தங்காமல், ஒரு எழுத்து முந்தாமல். அந்தக் கணத்தில் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் அவள்தான் பேசுகிறாள் என்று சத்தியம் செய்திருப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மவுஸ் சொடுக்குகிற சத்தம் கேட்டது.

“நீங்கள் சேமித்து வைத்திருக்கும் வாக்கியங்களையும் அழித்துவிடவா? ஆம். இல்லை.”

மாமா அடித்து வைத்திருந்த வாக்கியங்கள். இதற்கு மட்டும் அவளுக்கு நேரம் பிடித்தது. குரல் போனபின் அவை வெறும் எழுத்தாக ஒரு மூலையில் கிடக்கும், அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை எந்தப் பக்கமும் ஆட்டவில்லை. ‘இல்லை’யை அழுத்தினாள்.

பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. நகர நகர அதையும் அவள் குரலே சொல்லிக்கொண்டு வந்தது. “நாற்பது விழுக்காடு. ஐம்பது விழுக்காடு.” அவசரமே இல்லை. “எழுபது விழு” என்றது.

அதோடு நின்றுவிட்டது. கோடு மட்டும் மிச்ச தூரத்தைச் சத்தமில்லாமல் கடந்தது. கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துத் திரும்பத் தொடங்கவேண்டும் என்று திரையில் எழுத்து வந்தது. அக்கா அதையும் செய்தாள். திரை கறுத்து மறுபடி வெளுத்தபோது அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. எழுந்துபோய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

மாமா வந்து செருப்பைக் கழற்றினார். அக்கா முன்னறையிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“எடுத்துட்டியா?”

தலையாட்டினாள்.

“சரி” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கிளம்பலாமா என்று பையை எடுத்தேன். அவர் யாரையும் பார்க்காமல் பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“உன்னை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வீட்டுக்கு வருவேன். ஊசி விழுந்தா கேக்கும். டாக்டர் எதுவும் வெளிப்படையாச் சொல்லல. ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சொல்லிட்டா தேவலைன்னு இருந்துச்சு. உன் குரல்ல சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை வரும். அதான் அடிச்சுக் கேட்டேன். அப்புறம் நீ வந்துட்டே. வந்தப்புறமும் விட முடியல.”

அக்கா எழுந்து படுக்கையறைக்குப் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அந்தக் கருவி இருந்தது. துணியை விலக்கி, கழுத்தின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். ரீங்காரம் அறையை நிறைத்தது. சொல் எதுவும் பிடிபடவில்லை.

“என்ன?” என்றார் மாமா.

வைத்த இடத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடி அழுத்தினாள்.

“எனக்கும்... பயமாத்தான்... இருந்துச்சு.”

மாமா முகத்தில் முதலில் வந்தது கலவரம்தான், பொய் சொல்லமாட்டேன். அந்தச் சத்தம் அப்படி. பிறகு அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, “தெரியும்” என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வண்டுதான் பேசுகிறது. மாமாவுக்குப் புரியப் பல மாதம் ஆனது. இப்போது நானே கேட்டுப் பிடிக்கத் தடுமாறுவதை அவர் எனக்கு எடுத்துச் சொல்கிறார். ஆனால் அக்கா பேருந்து நிலையத்துப் பக்கம் போவதில்லை. அவள் விலகிய பிறகு அங்கே அந்த மென்பொருளையே போட்டுவிட்டார்கள். அவள் காலத்தில் இல்லாத வண்டிகளையெல்லாம் அவள் குரல் காலையிலிருந்து இரவு வரை அறிவிக்கிறது. அவள் கையெழுத்துப் போட்ட பத்திரம் அதற்கெல்லாம் இடம் கொடுத்திருந்தது. பரிசோதனைக்குப் போகிற மருத்துவமனையில் லிஃப்ட் ஏறினால் அதே குரல் “கதவு மூடுகிறது” என்கிறது. நாங்கள் படியில் ஏறிப்போகிறோம்.

போன மாதம் அக்கா ஒரு பார்சல் அனுப்ப வேண்டியிருந்தது, நானும் கூடப் போனேன். தபால் அலுவலகத்தில் சீட்டு எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். கூட்டம். தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி திடீரென்று, “உங்கள் முறை வரும்வரை தயவுசெய்து காத்திருக்கவும்” என்றது. அதே குரல். அக்காவைப் பார்த்தேன். அவள் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடியும் சொன்னது. பிறகு மறுபடியும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பொறுமையிழந்து அக்கா பக்கம் திரும்பினார். “குரல் என்னவோ நல்லாத்தான் இருக்கு. ஆனா எப்பப் பாரு காத்திரு காத்திருன்னு, இந்தப் பொம்பளைக்கு வாயே வலிக்காதா?”

அக்கா பையிலிருந்து கருவியை எடுத்தாள். கழுத்தில் வைத்தாள்.

“வலிக்காது” என்றது ரீங்காரம். “அவளுக்குத் தொண்டை கிடையாது.”

அந்தப் பெண்மணி சிரிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்தி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். எங்கள் எண்ணை அக்காவின் குரல் கூப்பிட்டது. அக்கா எழுந்து கவுன்டருக்குப் போய்ப் பார்சலைத் தராசில் வைத்தாள். வீடு வரும்வரை அவள் கருவியை வெளியே எடுக்கவில்லை.